ஏழு மீட்டர் தூரத்து வெளிநாடு

தேசிய இருப்புப்பாதைத் தளவாட வாரியம் வெளிநாட்டு வழங்குநர்களைத் தேடுகிறது என்ற செய்தி, வெளிநாடுகளுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே ஈப்போ புந்தோங்கில் இருந்த அப்பாவுவின் கொட்டகைக்கு வந்து சேர்ந்துவிட்டது. கொண்டு வந்தவர் சீனி. ரயில் பட்டறையின் சாமான் அறையில் வேலை செய்பவர். கையில் ஒரு சுற்றறிக்கை, முகத்தில் சாவு வீட்டுக் களை.

"மச்சான், இனிமே ஒன் வளையம் வேண்டாமாம்லா. கோலாலம்பூர்லேருந்து சூராட் வந்துருக்கு. சில்லறையா எதையும் வாங்கக்கூடாதாம். எல்லாத்தையும் வெளிநாட்டுக்காரன்கிட்டதான் வாங்கணுமாம்."

அப்பாவு செய்து வந்தது ரப்பர் வளையம். சரக்கு வண்டியின் பிரேக் உருளைக்குள் போடுவது. தோசைக்கல்லின் சுற்றளவு, சுண்டுவிரல் கனம். அது காற்றுக் கசியாமல் பிடித்துக்கொண்டால் வண்டி நிற்கும். பிடிக்காவிட்டால் வண்டி எங்கே நிற்கும் என்று வண்டிக்கே தெரியாது. கந்தகம் கொஞ்சம் கூடினால் வளையம் விறைத்துப்போகும்; குறைந்தால் குழைந்துபோகும். அந்தப் பதம் அப்பாவுக்குக் கைப்பழக்கம். கொட்டகையில் அவரோடு ஏழு பெண்கள் வேலை செய்தார்கள். ரப்பர்த் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது பால்வெட்டு வேலை போய் ஈப்போவுக்கு வந்தவர்கள். மேற்பார்வை அவர் மனைவி மங்களம். ஒன்பது வருஷமாக ரயில் பட்டறை ஒன்றுதான் வாடிக்கை. அது நின்றால் கொட்டகை நிற்கும். எட்டு வீட்டு அடுப்பும் நிற்கும்.

"வெளிநாட்டுக்காரன்னா யாரு?" என்று அப்பாவு கேட்டார்.

"இந்த நாட்டுப் பிரஜை இல்லாதவன். இந்தா, கீழ போட்டுருக்கு பாரு."

அப்பாவு சட்டைப்பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்தார். சிவப்பு அட்டை. பிரஜையாகாத நிரந்தரவாசிக்குத் தருவது. சீனியின் கண் முன்னால் நீட்டினார்.

"அப்ப நான்தானே?"

சீனி சிரிப்பதற்காக வாயைத் திறந்தார். அப்பாவுவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. அப்பாவு சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பிறந்ததற்குச் சாட்சியாக இருந்த தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் பேரேட்டைக் கரையான் அரித்துவிட்டது. அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஒரு அலுவலகம் சொன்னதை இன்னொரு அலுவலகம் சொன்னதில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எல்லாம் ஒரே குரலில் பேசின. நீ வெளிநாட்டுக்காரன். எழுபதாம் ஆண்டு வேலை அனுமதிச் சீட்டு கிடைக்காமல் தோட்டத்து ரப்பர் ஆலையிலிருந்து அவரை நிறுத்தியபோதும் அதைத்தான் சொன்னார்கள். கொட்டகைக்கு உரிமம் கேட்டபோதும் அதையே சொன்னார்கள். ஆகவே உரிமம் பிரஜைக்கான நீல அட்டை வைத்திருந்த மங்களத்தின் பெயரில் எடுக்கப்பட்டது. அரசாங்கம் இத்தனை தடவை எடுத்துச் சொன்ன பிறகு சந்தேகப்படுவது மரியாதை இல்லை என்று அப்பாவு நினைத்தார். இப்போது அதே அரசாங்கம் வெளிநாட்டுக்காரர்களை வாருங்கள் என்று கூப்பிடுகிறது. போகாமல் இருப்பது எப்படி?

வாரியத்தின் ஈப்போ கிளையில் வெளிநாட்டு வழங்குநர் பிரிவுக்கு அதிகாரியாக இருந்தவர் தியாகராஜா. யாழ்ப்பாணத்துக் குடும்பம். மேசையில் பென்சில்கள்கூட உயர வரிசைப்படி இருந்தன. ஐந்து மாதமாகப் பிரிவு திறந்திருந்தும் ஒரு வெளிநாட்டுக்காரரும் வந்து கதவைத் தட்டவில்லை. வேட்டியை அவிழ்த்துக் கால்சட்டை மாட்டிக்கொண்டு அப்பாவு வந்து தட்டினார்.

"நீர் எந்த நாடு?" என்று தியாகராஜா கேட்டார்.

"அது சொல்லலையே சார். இந்த நாடு இல்லன்னு மட்டுந்தான் சொல்லிருக்காங்க."

தியாகராஜா சிவப்பு அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். விதிப்புத்தகத்தைத் திறந்து ஆள்காட்டி விரலை வரி வரியாக ஓட்டினார்.

"வழங்குநர் பிரஜையாக இருக்கப்படாது எண்டு இருக்கு. அவர் நாட்டுக்கு வெளியிலே இருக்க வேணும் எண்டு இல்லை." அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. "ஓம். நீர் தகுதியானவர். இரும்."

பதினைந்து வருஷத்தில் ஒரு அரசாங்க அலுவலகம் அப்பாவுக்கு நாற்காலி காட்டியது அதுதான் முதல் தடவை.

பாரத்தில் 'நாடு' என்ற கட்டத்தில் தியாகராஜா 'பிற' என்று எழுதினார். அடுத்த கட்டம் உள்ளூர் முகவர். ஒவ்வொரு வெளிநாட்டு வழங்குநருக்கும் கொட்டகையோ கிடங்கோ உள்ள உள்ளூர் முகவர் ஒருவர் இருந்தாக வேண்டும்; அவர் பிரஜையாக இருக்க வேண்டும்.

"அப்பிடி ஆரும் இருக்கினமோ?"

"மங்களம் இருக்கு சார். கொட்டகை அது பேருலதான்."

"உமக்கும் அவவுக்கும் என்ன உறவு?"

"பெண்சாதி."

தியாகராஜா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'நீண்டகால வர்த்தகத் தொடர்பு' என்று எழுதினார்.

"எத்தனை வருஷம்?"

"இருபத்தொண்ணு."

"நல்லது. ஐந்தே போதும். இப்ப, உம்முடைய இடத்துக்கும் முகவருடைய இடத்துக்கும் எவ்வளவு தூரம்?"

வீடு முன்னால் இருந்தது. கொட்டகை பின்னால் இருந்தது. நடுவில் ஒரு கிணறும் ஒரு முருங்கை மரமும். அப்பாவு மனதுக்குள் நடந்து பார்த்துவிட்டு, "ஏழு மீட்டர் இருக்கும் சார்" என்றார்.

விரல் மறுபடியும் விதிப்புத்தகத்தில் ஓடியது. குறைந்தபட்சத் தூரம் எவ்வளவு என்று எங்கும் சொல்லப்படவில்லை. தியாகராஜா 'ஏழு' என்று எழுதி, கீழே கோடு போட்டார்.

"ஒண்டு மட்டும். வழங்குநரும் முகவரும் கடிதப் போக்குவரத்து வைச்சிருக்க வேணும். ஆறு கடிதம். முத்திரை ஒட்டி, தபாலிலே போய் வந்திருக்க வேணும். கையிலே குடுத்தால் செல்லாது."

வீட்டில் மங்களத்திடம் சொன்னபோது அவள் அரிவாள்மனையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "ஒங்களுக்கு நான் கடுதாசி எழுதணுமா? வாயத் தொறந்தா கேக்குமே."

"கேக்கக்கூடாதாம்லா. தபால்ல வரணுமாம்."

முதல் கடிதத்தை அவளே எழுதினாள். "வெளிநாட்டு வழங்குநர் அவர்களுக்கு, உள்ளூர் முகவர் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அங்கு தங்கள் நலம் அறிய ஆவல்." தெருக்கோடிப் பெட்டியில் போட்ட கடிதம் பெரிய தபாலாபீசுக்குப் போய், முத்திரை குத்திக்கொண்டு, மூன்றாம் நாள் கிணற்றடியைத் தாண்டிக் கொட்டகைக்கு வந்தது. தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"அண்ணே, நீங்களும் அக்காவும் பேசிக்கிறது இல்லையா?"

"பேசுறோம்பா. இது வியாபாரம்."

மூன்றாம் கடிதத்தில் மங்களம், வழங்குநர் அவர்கள் மழையில் கொட்டகைக்குப் போகும்போது முகவரின் குடையை எடுத்துச் சென்றதை வன்மையாகக் கண்டித்திருந்தாள். நான்காம் கடிதத்தில் அப்பாவு, குடை தம்முடையதே என்றும் கைப்பிடியில் பெயர் இருக்கிறது என்றும் பதில் எழுதினார். ஐந்தாம் கடிதம் குட்டையானது. "தங்கள் கடிதம் கிடைத்தது. இருபத்தொரு வருஷத்தில் தாங்கள் எனக்கு எழுதியவை இவைதான். கையெழுத்து பரவாயில்லை."

ஆறு கடிதங்களையும் தியாகராஜா எழுத்து விடாமல் படித்தார். குடை விவகாரம் அவருக்குப் பெரிய ஆறுதல். இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு உள்ளது, எனவே இது உண்மையான வர்த்தக உறவே என்று கோப்பில் குறிப்பு எழுதினார்.

அடுத்த மாதம் மாநாடு. ஈப்போ ரயில் நிலைய மாடியில் இருக்கும் ஹோட்டல் மண்டபத்தில் வாரியம் பெரிய பதாகை கட்டியிருந்தது: 'தேசிய இருப்புப்பாதைத் துறையில் வெளிநாட்டு வழங்குநர்களுக்கான சந்தை வாய்ப்புகள்'. நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். தொண்ணூற்றேழில் வாரிய ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மீதி மூன்றில் ஒரு ஐரோப்பாக்காரர், ஒரு ஆஸ்திரேலியாக்காரர், அப்பாவு. மூவர் முன்னாலும் சின்னக் கம்பி ஒன்றை நட்டு அவரவர் நாட்டுக் கொடியைச் செருகியிருந்தார்கள். அப்பாவுக்கு முன்னால் கம்பி மட்டும் இருந்தது.

வெளிநாட்டு விருந்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்பது ஏற்பாடு. வாரியத் தலைவர் ஆங்கிலத்தில் பேசப் பேச, தியாகராஜா அப்பாவுவின் காதருகே குனிந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"நண்பர்களே," என்றார் தலைவர், "எங்கள் நாடு வாய்ப்புகள் நிறைந்த நாடு. எங்கள் என்ஜின்கள் பழையவை. அது உங்களுக்கு வாய்ப்பு. எங்கள் பாலங்கள் அவற்றைவிடப் பழையவை. அது இன்னும் பெரிய வாய்ப்பு. இந்த ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாற்பது சரக்கு வண்டிகள் பிரேக் வளையம் இல்லாமல் ஓடாது நிற்கின்றன. மற்றவர்கள் அதைப் பழுது என்பார்கள். நாங்கள் சந்தை என்கிறோம்."

கைதட்டல்.

"ரப்பர் விளைகிற நாட்டில் ரப்பர் வளையத்தை ஏன் வெளியே வாங்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு பொருளை வாங்குமுன் அது செய்யப்படும் ஆலையைக் குழு நேரில் பார்வையிட வேண்டும் என்பது விதி. ஆலை ஈப்போவில் இருந்தால் குழு எப்படிப் பயணம் செய்யும்? டாக்சியிலா? சென்ற ஆண்டு நாங்கள் ஆறு நாடுகளில் ஆலைகளைப் பார்வையிட்டோம். ஒன்றுகூட வாங்கவில்லை. அவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறோம்."

இன்னும் பலத்த கைதட்டல். கேள்வி நேரம் என்று அறிவித்ததும் அப்பாவு எழுந்தார்.

"சார், என் கொட்டகையில நூத்தி நாப்பது வளையம் சும்மா கெடக்கு. இன்னிக்கே மாட்டிரலாம்."

தியாகராஜா அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "கேள்வி நேரத்திலே இப்பிடி ஒண்டும் கேட்கப்படாது. அது பாராட்டுச் சொல்லுற நேரம்." பிறகு தானே எழுந்து, மூன்றாம் விருந்தினர் தலைவரின் உரையை வெகுவாக ரசித்தார் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மறுநாள் வாரியம் விருந்தினர்களுக்கு உள்ளூர் நிலைமைகளைக் காட்டுவதற்காக ஒரு பஸ் ஏற்பாடு செய்தது. கழுத்தில் 'வெளிநாட்டு விருந்தினர்' அட்டை, கையில் குளிர்பானம். பஸ் தெற்கே போயிற்று. சிலிம் ரிவர் தாண்டி ஒரு செம்மண் பாதையில் திரும்பியபோது அப்பாவு ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவர் பிறந்த தோட்டம். இப்போது ஏழெட்டு பேருக்குச் சொந்தம். பாதி மரத்தை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள்.

"இது ரப்பர் மரம்," என்றார் தலைவர். தியாகராஜா தமிழில் சொன்னார்.

"தெரியும் சார்."

"இதிலிருந்து பால் வரும்," என்றார் தலைவர். அதையும் தியாகராஜா சொன்னார்.

மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் பால் வாளியோடு வந்தாள். அப்பாவுவின் அக்கா காளியம்மா. இன்னமும் யாரோ ஒரு முதலாளியிடம் கூலிக்குப் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். நின்று, வாளியைக் கீழே வைத்தாள்.

"டேய் அப்பாவு! கழுத்துல என்னடா அட்ட, ஆட்டுக்குக் கட்டுன மாதிரி?"

"வெளிநாட்டு விருந்தாளின்னு போட்டுருக்கு, அக்கா."

"எந்த நாட்டுக்குடா போன? போன வாரந்தானே இங்க வந்து ஹுத்தான் மெலிந்தாங்குலேருந்து வாங்குன கருவாடு குடுத்துட்டுப் போன?"

"போகல அக்கா. இங்கருந்தே வெளிநாடு."

"ரப்பர் புகை ஒனக்கு மண்டைக்கு ஏறிருச்சி. மங்களம் எங்க?"

"அது உள்ளூரு முகவர்."

காளியம்மா பஸ்ஸைப் பார்த்தாள். கழுத்துப்பட்டை கட்டியவர்களைப் பார்த்தாள். "வூட்டுல கறி இருக்கு. அந்த வெள்ளக்காரங்களையும் வரச் சொல்லு," என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

என்ன பேசினார்கள் என்று தலைவர் கேட்டார். தியாகராஜா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே பதில் சொன்னார்: மூன்றாம் விருந்தினருக்கு உள்ளூர் மொழி வியக்கத்தக்க வேகத்தில் வருகிறது, மக்களும் அவரிடம் பாசமாக இருக்கிறார்கள்.

கடைசியாக லயத்தைக் காட்டினார்கள். வரிசையாகக் கதவுகள், பாதி பூட்டிக் கிடந்தன. இது பழைய தொழிலாளர் குடியிருப்பு, விரும்பினால் தொட்டுப் பார்க்கலாம் என்றார் தலைவர். ஐரோப்பாக்காரர் படம் எடுத்தார். அப்பாவு மூன்றாவது கதவைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கதவுக்குப் பின்னால்தான் அவர் பிறந்ததாக அக்கா சொல்லுவாள். அக்கா சொல்லுவது பத்திரம் ஆகாது.

அடுத்தது மாதிரி வளையங்கள். மூன்று வழங்குநரும் ஆளுக்குப் பத்து அனுப்ப வேண்டும். அளவுகளுக்கு வாரியத்தின் வழவழப்பான கையேட்டில் வரைபடம் அச்சிட்டிருந்தார்கள். அதே பக்கத்தில் தலைவரின் படத்தையும் போட வேண்டியிருந்ததால், அச்சகத்தார் வரைபடத்தைச் சுருக்கி, அளவு எழுதியிருந்த ஓரத்தை வெட்டிவிட்டார்கள். ஐரோப்பாக்காரரும் ஆஸ்திரேலியாக்காரரும் நேர்மையான மனிதர்கள். அச்சிட்ட படத்தின் மேல் அளவுகோலை வைத்து அளந்து, அப்படியே செய்து, பஞ்சுப் பெட்டியில் வைத்து விமானத்தில் அனுப்பினார்கள். அப்பாவு கையேட்டைத் திறக்கவில்லை. ஒன்பது வருஷமாகச் செய்ததையே செய்து, சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பட்டறையில் சீனிதான் பெட்டிகளைத் திறந்தார். பஞ்சுக்குள் இருந்தவை பெண் குழந்தைக்குப் போடும் வளையல் அளவில் இருந்தன.

"இத எந்த வண்டில மாட்டுறது?" என்றார் சீனி. "தீபாவளிக்கு என் பேத்திக்கு வாங்கிக் குடுத்தேனே, பிளாஸ்டிக் ரயிலு, அதுக்குச் சரியா இருக்கும்லா."

வாரியக் குழு மூன்று நாள் கூடிப் பேசியது. இரண்டு வழங்குநர்கள் வரைபடத்தின்படி செய்திருக்கிறார்கள், அவை பொருந்தவில்லை. ஒருவர் வரைபடத்தை மீறியிருக்கிறார், அது பொருந்துகிறது. மீறியவருக்கு எப்படிக் கொடுப்பது? வளையத்துக்கு ஏற்றபடி எல்லா வண்டிகளின் பிரேக்கையும் சிறிதாக்கினால் என்ன என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அதற்கும் வெளிநாட்டு வழங்குநர் தேவைப்படுவார்களே என்று இன்னொருவர் மகிழ்ந்தார். அதற்குள் நிற்கும் வண்டிகள் நாற்பதிலிருந்து எழுபதாகிவிட்டன. தலைவருடைய வீட்டுக்கு வர வேண்டிய சலவைக்கல் அவற்றில் ஒன்றில் இருந்தது. அது தெரிந்த அன்று மாலையே முடிவு வந்தது. ஒப்பந்தம் மூன்றாம் வழங்குநருக்கு.

ஒப்பந்தம் வழங்கும் விழாவில் தலைவர் அப்பாவுவின் கையைக் குலுக்கினார். ஒரு வளையத்தை உயர்த்திப் பிடித்துச் சபைக்குக் காட்டினார். "இந்த நேர்த்தியைப் பாருங்கள். இந்தப் பளபளப்பைப் பாருங்கள். நம் ஆட்கள் இதைச் செய்ய இன்னும் ஐம்பது வருஷம் ஆகும். ஏனென்றால் நம் ஆட்களுக்கு இந்த வேலையை நாம் கொடுப்பதே இல்லை."

கடைசி வாக்கியத்தைத் தியாகராஜா மொழிபெயர்க்கவில்லை. அதற்கும் கைதட்டினார்கள்.

மங்களம் மண்டபத்தின் பின் வரிசையில், உள்ளூர் முகவர்களுக்கான ஒற்றை நாற்காலியில் இருந்தாள். ஏழு பெண்களும் வாசலில் நின்றிருந்தார்கள். மேடையிலிருந்து இறங்கிய அப்பாவு அவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். அவர்களில் ஒருத்தியான முத்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தியாகராஜா அப்பாவுவையும் மங்களத்தையும் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனார். கையில் ஒரு பச்சைத் தாள் இருந்தது.

"ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டுது. இனி வெளிநாட்டு வழங்குநர் பதினாலு நாளுக்குள்ளே நாட்டை விட்டுப் போக வேணும். வர்த்தக வருகைக்கு அவ்வளவுதான் அனுமதி. எந்த விமானம்?"

அப்பாவு சட்டைப்பையைத் தடவினார். "சார், நான் இங்கயேதான் இருக்கலாம்னு இந்த அட்டையில..."

"நிரந்தரவாசி வேறை, வழங்குநர் வேறை. கோப்பிலே நீர் வழங்குநர். நீர் வந்ததுக்குக் கோப்பிலே ஆதாரம் இருக்கு. போனதுக்கும் இருக்க வேணும். இல்லாட்டில் ஒப்பந்தம் ரத்து."

"எங்க சார் போறது?"

"அதை வாரியம் கேக்காது." தியாகராஜா தாளை மங்களத்திடம் நீட்டினார். "போயிட்டார் எண்டு உள்ளூர் முகவர் உறுதிப்படுத்தினால் போதும். வளையத்தை முகவரின் கொட்டகையிலே, வழங்குநரின் முறைப்படி செய்யலாம். அதுக்கு விதி இருக்கு."

மங்களம் தாளை வாங்கவில்லை. "புருசன் நாட்ட விட்டுப் போயிட்டாருன்னு நானே கையெழுத்துப் போடணுமா? பக்கத்துல நிக்கிறாரு சார்."

"அம்மா, நான் இப்ப அந்தப் பக்கம் பார்க்கேல்லை," என்றார் தியாகராஜா. உண்மையாகவே அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

வாசலில் ஏழு பெண்களும் இன்னும் நின்றிருந்தார்கள். மங்களம் அவர்களைப் பார்த்தாள். பேனாவை வாங்கினாள். 'மேற்கண்ட வெளிநாட்டு வழங்குநர் நலமுடன் புறப்பட்டுச் சென்றார்' என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் அவள் அப்பாவுவின் கையை விடவே இல்லை. நாலு பேர் பார்க்கும் இடத்தில் அவள் அப்படிச் செய்கிற வழக்கமில்லை.

ஆனாலும் ஒப்பந்தம் முழுதாகக் கைக்கு வரவில்லை. கடைசி நிபந்தனை ஒன்று பாக்கி இருந்தது. முகவரின் கொட்டகையை வாரியம் சோதிக்கும். நூற்றுக்கு எண்பது புள்ளி. ஒன்று குறைந்தாலும் எல்லாம் ரத்து. மறுபடியும் வெளிநாட்டு வழங்குநர்களைத் தேட வேண்டியதுதான்.

சோதிக்க வந்தவரும் தியாகராஜாதான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்சியில் வந்து இறங்கினார். மங்களம் அவரைக் கிணற்றடி வழியாகக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். ஏழு பெண்களும் தலையில் துணி கட்டி வரிசையாக வேலையில் இருந்தார்கள். அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் அப்பாவு வெற்று மேலோடு நின்று, சூடான அச்சிலிருந்து ஒரு வளையத்தை உரித்து எடுத்துக்கொண்டிருந்தார்.

தியாகராஜா அவசரப்படவில்லை. வளையங்களை அளந்தார். கைக்கருவியை அழுத்தி ரப்பரின் கடினத்தைப் பார்த்தார். ஒன்றை இழுத்து, விட்டு, பழைய நீளத்துக்கு வருகிறதா என்று பார்த்தார். கந்தக மூட்டை தரையில் இருந்ததற்கு இரண்டு புள்ளி குறைத்தார். முருங்கை இலை உள்ளே கிடந்ததற்கு ஒன்று. தீயணைப்பு வாளியில் மணலுக்குப் பதில் வெங்காயம் இருந்ததற்கு ஆறு. மங்களத்தின் உதடுகள் கழித்துக்கொண்டே வந்தன. தொண்ணூற்றொன்று. ஒரே ஒரு பக்கம்தான் பாக்கி.

"வேலையாட்கள் எத்தனை பேர்?"

"எட்டு சார்."

"எல்லாரும் உள்ளூரோ?"

இயந்திரத்தின் பக்கம் சத்தம் நின்றது. மங்களம் தியாகராஜாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எல்லாரும் உள்ளூருதான்."

தியாகராஜா ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். எட்டாவதாக அப்பாவு. இந்த மனிதருக்கு அவர் நாற்காலி கொடுத்திருக்கிறார், காதோரம் மொழிபெயர்த்திருக்கிறார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார். ஆனால் அந்த வழங்குநர் நலமுடன் புறப்பட்டுச் சென்றதற்கு அவர் கோப்பில் தாள் இருந்தது. தாள் இருக்கும்போது கண்ணை நம்புவது தியாகராஜாவின் வழக்கமல்ல.

"பேர்?"

"அப்பாவு."

"பிறந்த இடம்?"

அப்பாவு கையிலிருந்த வளையத்தைக் கீழே வைத்தார். "சிலிம் ரிவர் பக்கம் சார். தோட்டத்துல."

"சிலிம் ரிவர்," என்று சொல்லிக்கொண்டே தியாகராஜா எழுதினார். பத்திரம் கேட்கவில்லை. அட்டை கேட்கவில்லை. வேலையாட்கள் பட்டியலுக்கு அதெல்லாம் வேண்டும் என்று விதியில் இல்லை. 'உள்ளூர்' என்ற கட்டத்தில் எட்டாவது குறியைப் போட்டார். வாரியத்தின் வட்ட முத்திரையை ஊதி ஈரப்படுத்தி அழுத்தினார். பிறகு அதே பக்கத்தின் அடியில் எதையோ கழித்து, கோடு போட்டு, தாளை மங்களத்திடம் கொடுத்தார்.

"எண்பத்தொண்டு. தேறிட்டுது. திங்கட்கிழமை முதல் வளையம் அனுப்பலாம்."

முத்தம்மா "முருகா" என்று சத்தமாகவே சொன்னாள். மங்களம் மட்டும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தொண்ணூத்தொண்ணு இருந்துச்சே சார். கடைசில பத்து ஏன் கொறைச்சீங்க?"

"வேலையாட்கள் முழுக்க உள்ளூர் ஆக்கள் எண்டால் தரத்துக்குப் பத்துப் புள்ளி குறைக்க வேணும். வாரிய விதி."

"அதே வளையந்தானே சார்! மேடையில தூக்கிக் காமிச்சாரே ஒங்க தலைவரு, அதே வளையம், அதே அச்சு, அதே..."

"மங்களம்," என்றார் அப்பாவு. அவர் அவள் தோளுக்கு மேலாகத் தாளில் தன் பெயரும் 'உள்ளூர்' குறியும் இருந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பத்தைத் திருப்பிக் கேக்காத."